நாலு மணிக்கு இருட்டிவிடும்: நாயோடு இங்கிலாந்துக் கிராமப்புறத்தில் நடக்கப் போகிறவர்களுக்கு

போன டிசம்பரில் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு இடுப்பு ஆபரேஷன். அவருடைய லாப்ரடார் டெய்சியை ஆறு வாரம் வெளியே கூட்டிப்போகும் வேலை என் தலையில் விழுந்தது. லண்டன் ஓரத்தில் இருக்கும் ஹாரோவுக்குக் குடிவந்து எனக்கு மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. ஊரில் நாங்களும் நாய் வளர்த்தவர்கள்தான். காலையில் கேட்டைத் திறந்துவிட்டால் தெருவைச் சுற்றிவிட்டுச் சோற்று நேரத்துக்கு வந்துவிடும். அதில் கயிறு ஏது, காகிதம் ஏது? அதே நினைப்பில் முதல் ஞாயிற்றுக்கிழமை டெய்சியைக் கூட்டிக்கொண்டு வெண்டோவர் பக்கம் மலையேறினேன். திரும்பும்போது செல்போன் செத்திருந்தது, காட்டுக்குள் கண் தெரியவில்லை, முழங்கால்வரை சேறு, நடுவில் ஒரு விவசாயியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஐந்து வாரத்தில் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதிவைக்கிறேன். நான் போனது ஹாரோவிலிருந்து ரயிலில் எட்டிவிடக்கூடிய சில்டர்ன் குன்றுகள். நீங்கள் யார்க்‌ஷயரில் இருந்தாலும் டெவனில் இருந்தாலும் சட்டமும் சேறும் ஒன்றுதான். ஸ்காட்லாந்தில் நடப்பவர்களுக்கான சட்டம் வேறு. அங்கே இருப்பவர்கள் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. கயிற்றைப் பிடிக்கும் முன் காகிதம்

"நாய் என்னுடையது இல்லையே, எனக்கென்ன?" என்று இருந்துவிடாதீர்கள். நான் அப்படித்தான் இருந்தேன். கால்நடைகளை நாய் துரத்தினால் 1953-ஆம் வருடச் சட்டப்படி சொந்தக்காரரும் குற்றவாளி, அந்த நேரத்தில் நாயைக் கையில் வைத்திருந்தவரும் குற்றவாளி. இரவல் நாய் என்பது சாக்கு ஆகாது.

முதலில் மைக்ரோசிப், அதாவது நாயின் தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சிப். எட்டு வாரம் தாண்டிய எல்லா நாய்க்கும் 2016 ஏப்ரலிலிருந்து கட்டாயம். சிப் இருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல், சிப்போடு பதிவாகியிருக்கும் முகவரியும் எண்ணும் இப்போதையதா என்று கேளுங்கள். டெய்சியின் பதிவில் பாட்டி எட்டு வருடத்துக்கு முன் காலிசெய்த வீட்டின் லேண்ட்லைன் எண் இருந்தது. நாய் தொலைந்திருந்தால் யாரும் எடுக்காத போனுக்குத்தான் மணி அடித்திருக்கும். பதிவை இணையத்திலேயே மாற்றலாம். சில பதிவு நிறுவனங்கள் அதற்குச் சிறு கட்டணம் கேட்கும்.

அடுத்தது கழுத்துப்பட்டைத் தகடு. பொது இடத்தில் நாய் இருந்தால் பட்டையிலோ தகட்டிலோ சொந்தக்காரர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். இது 1992-இலிருந்து சட்டம், சிப் இருந்தாலும் இதிலிருந்து விலக்கு இல்லை. பலரும் இதய வடிவத் தகட்டில் நாயின் பெயரை மட்டும் அழகாகப் பொறித்து மாட்டியிருப்பார்கள், அது கணக்கில் வராது. சாவி அடிக்கும் கடையில் ஐந்தாறு பவுண்டுக்குப் பத்து நிமிடத்தில் பொறித்துத் தருவார்கள். போன் எண்ணையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். சட்டம் கேட்கவில்லை, ஆனால் காட்டில் நாயைக் கண்டுபிடிப்பவருக்கு அதுதான் வேண்டும்.

மூன்றாவது, சொந்தக்காரரிடமிருந்து நாலு வரி எழுத்து. வாட்ஸ்அப் செய்தி போதும்: இன்னார் என் நாயைக் கூட்டிப்போகிறார், அவசரமென்றால் மருத்துவம் பார்க்கலாம், இத்தனை பவுண்ட் வரை என்னைக் கேட்காமலே செலவு செய்யலாம். கூடவே வழக்கமாகப் பார்க்கும் கால்நடை மருத்துவமனையின் எண், ராத்திரியிலும் ஞாயிறிலும் பார்க்கும் இடத்தின் எண். நேரம் கெட்ட நேரத்தில் போனால் நாயைத் தொட்டுப் பார்ப்பதற்கே இருநூறு பவுண்டுக்கு மேல் ஆகலாம். அந்தப் பணம் யாருடையது என்று முன்கூட்டியே பேசிக்கொள்வது நட்புக்கு நல்லது.

இன்சூரன்ஸும் கேளுங்கள். நாய் பாய்ந்து சைக்கிள்காரர் விழுந்தால் நஷ்டஈடு பெரிய தொகை. பல பாலிசிகளில் தேர்ட் பார்ட்டி பகுதி உண்டு; கூலி வாங்காமல் கூட்டிப்போகும் நண்பருக்கும் அது செல்லுமா என்பதைப் பாலிசியில் பார்க்கச் சொல்லுங்கள்.

மாணவர் விசாவில் இருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். உங்களுக்குச் சுயதொழில் அனுமதி இல்லை. ஆப்பில் பதிந்துகொண்டு மணிக்கு இத்தனை என்று நாயை நடக்கக் கூட்டிப்போவது சுயதொழில்தான். பக்கத்து வீட்டு உதவி வேறு, காசுக்குச் செய்வது வேறு. பாட்டி முதல் வாரமே இருபது பவுண்ட் நோட்டை உறையில் போட்டு நீட்டினார். வேண்டாமென்று சொல்லிவிட்டு அவர் போட்ட ப்ளம் ஜாம் பாட்டிலை வாங்கிக்கொண்டேன்.

நாய் எக்ஸ்எல் புல்லி என்ற பருத்த உடம்பு நாய் வகை என்று சந்தேகம் வந்தால் தொடவே வேண்டாம். 2024 பிப்ரவரி 1 முதல் விலக்குச் சான்றிதழ் இல்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம். சான்றிதழ் இருந்தாலும் வெளியே வாய்க்கூடும் கயிறும் கட்டாயம்.

ஊரிலிருந்து சொந்த நாயைக் கொண்டுவரும் யோசனையில் இருப்பவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. இந்தியாவிலிருந்து வரும் நாய்க்கு சிப், ரேபிஸ் ஊசி, ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து ரத்தப் பரிசோதனை, ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதக் காத்திருப்பு, வந்திறங்குவதற்கு 24 முதல் 120 மணி நேரத்துக்குள் நாடாப்புழு மருந்து, அப்புறம் சுகாதாரச் சான்றிதழ். எல்லாம் சேர்த்து ஐந்தாறு மாதத்துக்கு முன்பே தொடங்கினால்தான் முடியும்.

2. சூரியன் விழும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

சென்னையில் டிசம்பரில் சூரியன் ஐந்தே முக்காலுக்கு மறையும். லண்டன் பக்கம் டிசம்பர் நடுவில் 3:51-க்கே மறைந்துவிடும். காலையில் விடிவது எட்டு மணிக்கு. மொத்தப் பகலே எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. உச்சிவேளையிலும் சூரியன் தலைக்கு மேல் வராது, தென்னைமர உயரத்திலேயே சாய்ந்து போகும். மணி இரண்டானாலே ஊரில் ஐந்தரை மணி வெயில் மாதிரி இருக்கும், ஆனால் உடம்பு "இன்னும் மதியம்தானே" என்று நம்பும். நான் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, ஒரு மணி ரயிலைப் பிடித்துப் போனேன். அந்த ஒரு முடிவிலேயே மற்ற எல்லாம் கெட்டது.

கணக்கு இப்படி. சூரியன் மறையும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் நீங்கள் ஸ்டேஷனிலோ காரிலோ இருக்க வேண்டும். 3:50 என்றால் 2:50. நடை இரண்டரை மணி என்றால் 12:20. சேற்றுக்கும் நாய் மோப்பத்துக்கும் முக்கால் மணி சேர்த்தால் 11:35. அப்படியென்றால் வீட்டிலிருந்து பத்தரைக்குக் கிளம்பியிருக்க வேண்டும். கோடையில் மணிக்கு நாலரை கிலோமீட்டர் நடப்பவர் இந்தச் சேற்றில் மூன்று நடந்தால் பெரிது.

மறைந்த பிறகும் அரைமணி நேரம் வானத்தில் வெளிச்சம் இருக்கும் என்பது உண்மை. மரத்தடியில் அது கிடையாது. சில்டர்ன் காடுகள் பீச் மரக் காடுகள்; இலை உதிர்ந்து தரை முழுக்க ஒரே பழுப்பு. வெளிச்சம் மங்கினதும் பாதை எது, பாதை இல்லாதது எது என்று பிரிக்கவே முடியாது. கறுப்பு லாப்ரடார் வேறு. கயிற்றின் மறுமுனையில் நாய் இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

3. வரைபடம்: பச்சைக் கோட்டில் போங்கள், கறுப்புக் கோட்டை நம்பாதீர்கள்

கூகுள் மேப் வயல்வெளிக்கு ஆகாது. இங்கே எல்லோரும் பயன்படுத்துவது ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடம். ஆரஞ்சு அட்டை போட்ட எக்ஸ்ப்ளோரர் வரிசையை வாங்குங்கள். அதில் நாலு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர், வேலிகள்கூடத் தெரியும். வெண்டோவர் பக்கத்துக்கு 181-ஆம் எண். காகிதத்தில் பத்துப் பதினைந்து பவுண்ட் ஆகும். நூலகத்தில் இரவலும் கிடைக்கலாம், கேளுங்கள். இளஞ்சிவப்பு அட்டை லேண்ட்ரேஞ்சர் வரிசை நடப்பவர்களுக்குப் பொடிப்பொடியாக இருக்கும்.

எக்ஸ்ப்ளோரரில் பச்சைக் குறுங்கோடுகள் ஃபுட்பாத், அதாவது நடந்து போக மட்டும். பச்சை நெடுங்கோடுகள் பிரைடில்வே, அதில் குதிரையும் சைக்கிளும் வரும். கறுப்புக் குறுங்கோடு அந்த இடத்தில் ஒரு தடம் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறது, அதில் நடக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது என்று சொல்லவில்லை. நான் கறுப்புக் கோட்டில் போய்த்தான் ஒரு பண்ணை வீட்டு முற்றத்தில் போய் நின்றேன்.

தரையில் கம்பத்தில் அம்புக்குறி இருக்கும். மஞ்சள் அம்பு ஃபுட்பாத், நீலம் பிரைடில்வே. ஓக் மரக் காய் படம் போட்டிருந்தால் அது தேசியப் பாதை. வெண்டோவர் ஸ்டேஷனிலிருந்து ரிட்ஜ்வே என்ற அப்படியொரு பாதை பேக்கம் குன்று வழியாகக் கூம் குன்றுக்கு ஏறுகிறது. உச்சி 260 மீட்டர்தான், ஆனால் நினைவுத்தூண் அடியில் நின்றால் எயில்ஸ்பரி சமவெளி முழுக்கக் கீழே விரிந்திருக்கும்; தலைக்கு மேல் ரெட் கைட் என்ற பருந்துகள் வட்டமிடும். முதல் நடைக்கு இதைத்தான் சொல்வேன். ஏறிய வழியே இறங்குங்கள். வட்டமடித்துத் திரும்பும் ஆசையை மார்ச்சுக்கு ஒத்திப்போடுங்கள்.

வரைபடத்தை போனிலும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், சிக்னல் இல்லாவிட்டாலும் திறக்கும். போனை உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். குளிரில் பேட்டரி நாற்பது சதவீதத்திலிருந்து ஒரே மூச்சில் அணைந்துவிடும், எனக்கு அணைந்தது.

4. வாங்க வேண்டியவை, வாங்க வேண்டாதவை

நான் செலவழித்த கணக்கு இது. கடைக்குக் கடை மாறும். வெலிங்டன் பூட்ஸ், அதாவது முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ், 25 பவுண்ட். தலையில் மாட்டும் டார்ச் 15. இரண்டு மீட்டர் கயிறு 10. நாய்க்கு ஒளிரும் கழுத்துவளையம் 8. மலப்பை ஒரு சுருள் ஒரு பவுண்ட். மழைச் சட்டை ஏற்கெனவே இருந்தது. பழைய துண்டு இரண்டு வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டேன். பழைய பொருள் விற்கும் சேரிட்டி கடைகளில் பூட்ஸ் ஆறேழு பவுண்டுக்குக் கிடைப்பது பிறகுதான் தெரிந்தது.

ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் காயாது, கால் மரத்துவிடும். பருத்திச் சட்டையும் அப்படியே. உள்ளே மெல்லியது, நடுவில் கம்பளி, மேலே மழைச் சட்டை. ஏறும்போது வியர்க்கும், நடுச்சட்டையைக் கழற்றுங்கள். நின்றால் உடனே போடுங்கள். கையுறை இரண்டு ஜோடி கொண்டுபோங்கள். ஒரு ஜோடி நாயால் நனைவது நிச்சயம்.

இழுக்க இழுக்க நீளும் கயிறு வேண்டாம். விற்பவர் அதைத்தான் காட்டுவார். சேற்றில் அதன் பூட்டு வழுக்கும், முட்செடியில் சிக்கும். திறந்தவெளி அணுகல் நிலம் என்று ஒன்று உண்டு. எக்ஸ்ப்ளோரரில் வெளிர்மஞ்சள் பூசியிருக்கும். அங்கே மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை இரண்டு மீட்டருக்கு மேற்படாத கயிறு சட்டப்படி கட்டாயம். கால்நடை அருகில் இருந்தால் வருடம் முழுக்க.

லாப்ரடாருக்குச் சட்டை தேவையில்லை, அதற்கு இருக்கும் ரோமமே போதும். முடி குறைந்த ஒல்லி நாய்களுக்கும் கிழட்டு நாய்களுக்கும் போடுங்கள்.

5. போய்ச் சேர்வது

ரயிலில் ஒருவர் இரண்டு நாய்வரை டிக்கெட் இல்லாமல் கூட்டிப்போகலாம். இருக்கையில் ஏற்றக்கூடாது, கயிற்றில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஹாரோ ஆன் த ஹில்லிலிருந்து எயில்ஸ்பரி போகும் வண்டி அமர்ஷாம், கிரேட் மிஸ்ஸெண்டன் தாண்டி வெண்டோவரில் நிற்கும். ஆய்ஸ்டர் என்ற லண்டன் பயண அட்டை அமர்ஷாமுக்கு அப்பால் செல்லாது; டிக்கெட்டை முன்னாலேயே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று முதல் ஒன்பது பேராகப் போனால் கூட்டமில்லா நேரக் குழுச் சலுகை மூன்றில் ஒரு பங்கு குறைக்கும், வாரக்கடைசிக்கு இது பொருந்தும். முதல்நாள் ராத்திரி தண்டவாள வேலை ஏதும் உண்டா என்று பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலுக்குப் பதில் பஸ் விடுவது இந்த நாட்டுச் சடங்கு.

காரில் போனால் நாயைப் பின்னால் வலைக்கு அப்பாலோ பெல்ட்டிலோ கட்டுங்கள், சாலை விதிகளில் இருக்கிறது. பல கிராமப்புறப் பார்க்கிங்கில் பணம் கட்ட ஆப்தான், ஆப் திறக்க சிக்னல்தான் இருக்காது. வீட்டிலேயே ஆப்பைப் போட்டு வண்டி எண்ணைப் பதிந்துவிடுங்கள். பையில் சில்லறையும் இருக்கட்டும்.

நடைபாதை இல்லாத கிராமச் சாலையில் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடங்கள். நாய் சாலைப் பக்கம் வராமல் ஓரப் பக்கத்தில் இருக்கட்டும்.

6. கேட், படி, சேறு

கேட் எப்படி இருந்ததோ அப்படியே விடுங்கள். மூடியிருந்தால் மூடுங்கள், திறந்து வைத்திருந்தால் விவசாயி காரணத்தோடுதான் திறந்து வைத்திருக்கிறார்.

கிஸ்ஸிங் கேட் என்று ஒன்று உண்டு. அரைவட்டக் கூண்டுக்குள் ஆடும் சிறு கதவு. மனிதர் நுழையலாம், மாடு நுழையாது. பெயரைக் கேட்டுச் சிரித்துவிட்டு உள்ளே போனேன், நாய் வெளியே நின்றது, கயிறு கதவுக்கும் கம்பத்துக்கும் நடுவில். சரியான முறை: கதவைத் தள்ளி, நாயை முன்னால் விட்டு, கூண்டின் மூலையில் இருவரும் ஒண்டி, கதவை இழுத்துவிட்டு வெளியேறுவது. 30 கிலோ நாயோடு இது சின்ன சர்க்கஸ்.

வேலியைத் தாண்ட மரப்படி வைத்திருக்கும் இடங்கள் இன்னும் சிரமம். சில படிகளில் பக்கத்தில் மேலே தூக்கும் பலகை ஒன்று இருக்கும். அது நாய்க்கான வழி, தேடிப் பாருங்கள். இல்லையென்றால் தூக்கித்தான் ஆக வேண்டும். உங்களால் தூக்க முடியாத நாயோடு, முன்பின் போகாத பாதையில் தனியாகப் போகாதீர்கள். சில்டர்னில் படிகளை எடுத்துவிட்டு கேட் வைத்துவருகிறார்கள் என்பது நல்ல செய்தி.

வயலுக்கு நடுவே பாதை போனால் நடுவேதான் போக வேண்டும். டிசம்பரில் புல் மாதிரித் தெரிவது பெரும்பாலும் குளிர்காலக் கோதுமை நாற்று. உழுது விதைத்தாலும் 14 நாளுக்குள் பாதையைத் திரும்ப அமைத்துத் தர வேண்டியது விவசாயியின் கடமை, குறுக்குப் பாதை குறைந்தது ஒரு மீட்டர் அகலம். அந்த ஒரு மீட்டர் சேறாக இருக்கிறதென்று ஓரம் ஓரமாக நடந்தால் பயிர்தான் சாகும். பூட்ஸ் எதற்கு, சேற்றில் மிதிக்கத்தானே. சுண்ணாம்புக் குன்றுகளில் ஈரம் பட்ட வெள்ளைப் பாறை சோப்பு மாதிரி வழுக்கும். இறக்கத்தில் நாய் இழுத்தால் நீங்கள் போவது உட்கார்ந்த நிலையில்தான்.

7. ஆடு, மாடு, துப்பாக்கி

குளிர்காலத்தில் மாடுகள் பெரும்பாலும் கொட்டகையில். வெளியே நிற்பவை செம்மறியாடுகள். அசையாமல் நிற்பதால் தூரத்தில் பாறை என்று நினைத்துவிடுவோம்.

நான் கூம் குன்றிலிருந்து இறங்கிய வழியில் டெய்சியைக் கயிற்றிலிருந்து விட்டிருந்தேன். நல்ல நாய், சொன்ன சொல் கேட்கும், பாட்டியே சொன்னார். வேலித் திருப்பத்தில் எதிரே முப்பது ஆடு. டெய்சி கடிக்கவில்லை, குரைக்கக்கூட இல்லை. வாலை ஆட்டிக்கொண்டு விளையாட ஓடியது. ஆடுகள் ஒன்றாகச் சுருண்டு வேலியோரம் நெருக்கியடித்து ஓடின. எங்கிருந்தோ ஒரு குரல்: "கட்டு அந்த நாயை!" நான் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். பிஸ்கட் பையைச் சலசலக்க வைத்த பிறகுதான் திரும்பி வந்தது.

அந்த விவசாயி முதலில் கத்தினார். நான் புதிதென்று தெரிந்ததும் கொஞ்சம் தணிந்து, ஆடுகளின் பின்புறத்தைக் காட்டினார். நீலமும் சிவப்புமாகச் சாயம். "அது தெரியுதா? கிடாவுக்கு நெஞ்சில சாயப்பட்டை கட்டிவிடுவோம். சாயம் ஒட்டின ஆடெல்லாம் சினை. இப்ப ஓடினதுல நாலு குட்டி விழுந்தா யார் கணக்கு?" எனக்குப் பதில் இல்லை. எங்கள் தாத்தா ஊரில் சினை ஆட்டைத் தெரு நாய் துரத்தினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா என்ன? தெரிந்தும் இங்கே பொருத்திப் பார்க்கத் தோன்றவில்லை.

கால்நடையைக் காக்க வேறு வழியில்லாத நிலையில் விவசாயி நாயைச் சுட்டால், 48 மணி நேரத்துக்குள் போலீஸுக்குத் தெரிவித்துவிட்டால், 1971-ஆம் வருட விலங்குகள் சட்டம் அவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. அவர் சுடவில்லை என்பது அவருடைய நல்ல மனசு. ஆகவே ஆடு கண்ணில் படும் முன்பே கயிறு. ஒரு வயலுக்குள் நுழையும்போது எல்லை முழுக்கத் தெரியவில்லை என்றாலும் கயிறு. எவ்வளவு சமர்த்து நாயாக இருந்தாலும் கயிறு. காட்டுக்குள்ளும் முன்ஜாக் என்ற குட்டை மான்கள் உண்டு. அதன் பின்னால் போன நாய் எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது.

மாட்டுக்கு மட்டும் விதி தலைகீழ். வெளியே மாடு இருந்து, அது நாயைப் பார்த்து நெருங்கி வந்தால், துரத்தினால், கயிற்றை விட்டுவிடுங்கள். மாட்டுக்குக் கோபம் நாய்மேல். நாய் ஓடித் தப்பிக்கும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் உங்களால் முடியாது.

அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை ஃபெசன்ட் என்னும் காட்டுக்கோழி வேட்டைக் காலம். வரிசையாக டமார் டமார் என்று கேட்டால் பயப்படாதீர்கள், பாதையை விட்டு விலகாதீர்கள், கொடி பிடித்து நிற்பவர் கை காட்டும்வரை காத்திருங்கள். சத்தத்துக்கு மிரளும் நாய் என்றால் ஞாயிற்றுக்கிழமை போங்கள். ஞாயிறும் கிறிஸ்துமஸும் இங்கிலாந்தில் இந்த வேட்டைக்குச் சட்டப்படி தடை. காலடியிலிருந்து அந்தக் கோழி படபடவென்று கிளம்பும்போது நாய்க்கு முன் நீங்கள் குதிப்பீர்கள்.

8. மலம்

எடுங்கள். வயலிலும் காட்டோரத்திலும்கூட எடுங்கள். நாய் மலத்தில் வரும் நியோஸ்போரா என்ற ஒட்டுண்ணியால் பசுவுக்குக் கரு கலையும். பல கவுன்சில்களில் எடுக்காவிட்டால் 100 பவுண்ட் அபராதம். எடுத்த பையை மரக்கிளையில் தொங்கவிட்டுப் போவது எடுக்காமல் விடுவதைவிட மோசம். வழி முழுக்க அந்தக் கறுப்புத் தோரணத்தைப் பார்ப்பீர்கள். தொட்டி கிடைக்கும்வரை சுமக்க வேண்டும், ஆகவே மூடியுள்ள சின்ன டப்பா ஒன்று பையில் வையுங்கள். சாப்பாட்டு டப்பா மாதிரியே இல்லாத டப்பாவாக இருக்கட்டும்.

9. பனி, ஐஸ், அவசரம்

உறைந்த குளத்தில் நாய் இறங்கிவிட்டால் நீங்கள் இறங்கக்கூடாது. கரையில் நின்று கூப்பிடுங்கள், அவசர உதவி எண் 999-ஐ அழையுங்கள். நாய்கள் பல நேரம் தானாகக் கரையேறிவிடும், பின்னால் போன ஆள்தான் மாட்டிக்கொள்வார்.

சாலையில் உறைபனிக்குக் கொட்டும் உப்பு நாயின் பாதத்தை எரிக்கும், நக்கினால் வயிற்றைக் கெடுக்கும். பார்க்கிங்கில் தேங்கிய நிறத்தண்ணீரை நக்கவிடாதீர்கள். காரில் ஊற்றும் ஆன்டிஃப்ரீஸ் கொஞ்சம் போனாலும் சிறுநீரகம் போய்விடும்.

வழி தவறினால், கால் பிசகினால் 999 அல்லது 112. குன்றுப் பகுதியாக இருந்தால் போலீஸைக் கேட்டு, மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்லுங்கள். குரல் போகாத இடத்தில் குறுஞ்செய்தி போகும், ஆனால் முன்பே பதிந்திருக்க வேண்டும்: ரெஜிஸ்டர் என்ற ஆங்கிலச் சொல்லை 999-க்கு அனுப்பி, வரும் பதிலுக்கு யெஸ் என்று ஆங்கிலத்திலேயே அனுப்பிவிட்டால் முடிந்தது. இதை இப்போதே செய்யுங்கள், இரண்டு நிமிடம்தான். கிளம்பும்போது எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

10. சாப்பாடு

பிளாஸ்க்கில் டீ, டப்பாவில் எலுமிச்சை சாதம். நடையில் இதைவிட ருசி எதற்கும் இல்லை. ஆனால் நாய் முன்னால் வந்து உட்கார்ந்து கண்ணால் கேட்கும். வெங்காயம், உலர்திராட்சை, சாக்லேட் மூன்றும் நாய்க்கு விஷம். நம் சமையலில் வெங்காயம் இல்லாதது எது, கேசரியில் திராட்சை இல்லாத வீடு எது? இங்கத்துக் கிறிஸ்துமஸ் புட்டிங்கும் மின்ஸ் பையும் திராட்சை மூட்டைதான். தின்றுவிட்டால் வாந்தி வருகிறதா என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு போன் செய்யுங்கள்.

கிராமத்து பப் பலவற்றில் பார் பக்கம் நாயை விடுவார்கள், சாப்பாட்டு மேசைப் பக்கம் விடமாட்டார்கள். வாசலிலேயே கேட்டுவிடுங்கள். மது குடிக்கத் தேவையில்லை, ஒரு காபியோ சூப்போ போதும். டெய்சிக்குக் கல்லாப்பெட்டிப் பக்கத்து ஜாடியிலிருந்து ஒரு பிஸ்கட் கிடைத்தது. எனக்கு யாரும் எதுவும் சும்மா தரவில்லை.

11. வீடு திரும்பியதும்

நாயின் காலையும் வயிற்றையும் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவித் துடையுங்கள். தரை விரிப்புக்காக மட்டும் சொல்லவில்லை. அலபாமா ராட் என்று அபூர்வமான ஒரு நோய் உண்டு. பெரும்பாலும் நவம்பர் முதல் மே வரை, சேறான காட்டில் நடந்த நாய்களுக்கு வருகிறது, சிறுநீரகத்தைத் தாக்கிக் கொல்லக்கூடியது. காரணம் இன்னும் கண்டுபிடிக்கப்படாததால் சேற்றைக் கழுவுவதுதான் முன்னெச்சரிக்கை. அடிபடாமலே காலிலோ முகத்திலோ புண் வந்தால் ஆறட்டும் என்று விடாமல் காட்டுங்கள்.

விரல் இடுக்கில் முள், உருண்டு கட்டிய பனி, உப்பு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக விரித்துப் பாருங்கள். டெய்சிக்கு இது பிடிக்காது; பின்னங்காலைத் தொட்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். முன்னங்காலில் தொடங்கி, கையில் ஒரு பிஸ்கட்டை வைத்துக்கொண்டு போனால் நாலு காலும் முடியும். காதின் உட்பக்கத்தையும் துடையுங்கள். நரி மலத்தில் புரண்டிருந்தால் சாதாரண ஷாம்பு கேட்காது. அங்கே முதலில் தக்காளி கெச்சப் தடவிக் கழுவச் சொன்னவர் பாட்டி. நம்பாமல்தான் செய்தேன். முக்கால்வாசி நாற்றம் போனது.

பூட்ஸுக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, வாசல் பக்கம் சாய்த்து வையுங்கள். அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் மேல் வைத்தால் ரப்பர் வெடித்துவிடும், அடுத்த ஞாயிறு இன்னொரு 25 பவுண்ட்.